திருவனந்தபுரத்தில் முதல் நாள்: கேட்டதும் சொன்னதும்

நான் நாகர்கோவில்காரன். 26 வருடமாகத் திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருக்கிறேன். இந்த ஊருக்கு முதல் தடவை வருகிற நம் ஆட்கள் கேட்டவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

தம்பானூரில் ரயிலை விட்டு இறங்கி வெளியே வந்தேன் அண்ணாச்சி. எதிரே பஸ் ஸ்டாண்டு, ஆட்டோ, மழை, எங்கே பார்த்தாலும் மலையாள எழுத்து. பத்து நிமிஷம் அப்படியே நின்றுவிட்டேன். எல்லாருக்கும் இப்படித்தானா? (மதுரையிலிருந்து ஒரு தம்பி)

எனக்கும் அப்படித்தான் இருந்தது தம்பி. அடுத்த முறை ஆட்டோவில் ஏறாமல் 'கிழக்கே கோட்டை' என்கிற இடத்துக்கு நடந்து போய்ப் பாருங்கள், தூரம் அதிகமில்லை. பழவங்காடி கணபதி கோவிலில் தேங்காய் உடைகிற சத்தம் முதலில் காதில் விழும். அதைத் தாண்டினால் கோட்டையின் வெள்ளை வாசல். உள்ளே நுழைந்தால் பத்மதீர்த்தக் குளமும், அதற்குப் பின்னால் பத்மநாபசுவாமி கோவிலின் ஏழு நிலைக் கோபுரமும் தெரியும். ஓட்டுக் கூரைக் கோவில்கள் உள்ள நாட்டில் நம் ஊர்க் கோபுரத்தைப் பார்த்ததும் மனது கொஞ்சம் நிதானப்படும். நம்மாழ்வார் பாடிய தலம் அது. குளத்தை ஒட்டிய கட்டடத்தில் மேத்தன் மணி என்று ஒரு பழைய கடிகாரம் இருக்கிறது. மணி அடிக்கும்போது தாடிக்காரர் முகம் ஒன்று வாயைத் திறக்கும், இரண்டு பக்கமும் இரண்டு ஆட்டுக்கிடாய்கள் வந்து கன்னத்தில் முட்டும். மணி அடிக்கிற நேரம் பார்த்து நில்லுங்கள்.

சாலை, சாலை என்கிறார்களே, எந்தச் சாலை? (சேலத்திலிருந்து ஒரு அக்கா)

இடத்தின் பெயரே அதுதான் அக்கா. கிழக்கே கோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் வரை போகிற கடைத்தெரு. திருவிதாங்கூர் திவானாக இருந்த ராஜா கேசவதாசன் 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் உண்டாக்கியது. அப்புறம் நம் பக்கத்து வியாபாரிகள் நிறையப் பேர் வந்து குடியேறினார்கள். இன்றைக்கும் பாதிக் கடைகளில் வீட்டுப் பேச்சு தமிழ்தான்.

இந்த ஊரைத் தெரிந்துகொள்ள முதலில் போக வேண்டிய இடம் இதுதான் என்பேன். காலையில் சீக்கிரம் வாருங்கள். தோவாளையிலிருந்து வந்த பிச்சியும் அரளியும் ஈரச்சாக்கில் அப்படியே இருக்கும். சாக்கைப் பிரித்ததும் தெருவே மணக்கும். ரெண்டு கடை தள்ளிச் சுக்கும் நல்லமிளகும். அடுத்து ஏத்தங்காய் உப்பேரி வறுக்கிற தேங்காயெண்ணெய் வாசம். சுமட்டுக்காரர் தலைச்சுமையோடு வருவார், அவருக்கு வழி விட்டு ஒதுங்கிக்கொள்ளுங்கள்.

என் கடைக்கு உருளி வாங்க வருகிற பாட்டிமார் விலை கேட்பதற்கு முன்னால் விரல் முட்டியால் விளிம்பைத் தட்டுவார்கள். கண்ணை மூடிக்கொண்டு கேட்பார்கள். நல்ல வார்ப்பு என்றால் ஓசை நீண்டு அடங்கும், கீறல் இருந்தால் பொத்தென்று நின்றுவிடும். ஓசை பிடித்தால்தான் பேரம், அதுவும் பாதி மலையாளம் பாதி தமிழ்.

மலையாளம் ஒரு எழுத்துகூடத் தெரியாது. சமாளிக்கலாமா?

தாராளமாக. நிதானமாகப் பேசுங்கள், அவர்களுக்குப் புரியும். நம் காதை ஏமாற்றுகிற சொற்களில்தான் கவனம் வேண்டும். வெள்ளம் என்றால் குடிக்கிற தண்ணீர். பட்டி என்றால் நாய். அவசரம் என்றால் வாய்ப்பு. சாப்பிடும்போது போதும் என்பதற்கு 'மதி' சொல்ல வேண்டும். பஸ்ஸில் 'ஆளிறங்ஙானுண்டு' என்று குரல் கொடுத்தால் நிறுத்துவார்கள்.

கோவிலுக்கு என்ன உடை?

ஆண்கள் வேட்டி மட்டும், சட்டை கூடாது. பெண்கள் புடவை, அல்லது சுடிதார் மேல் ஒரு முண்டு சுற்றிக்கொள்ளலாம். செல்போன் உள்ளே கொண்டுபோக முடியாது. பள்ளிகொண்ட பெருமாளை மூன்று வாசல் வழியாகத்தான் பார்க்க முடியும். கூட்டம் தள்ளும், பதறாதீர்கள்.

சாப்பாடு?

சிவப்பரிசிச் சோறு. முதல் நாள் தொண்டையில் நிற்கும், மூன்றாம் நாள் பிடித்துவிடும். குடிக்கத் தருகிற வெந்நீர் இளஞ்சிவப்பாக இருந்தால் பயப்பட வேண்டாம், பதிமுகம் என்கிற மரச் சீவல் போட்டுக் காய்ச்சியது. போளியைப் பிய்த்துப் பாயசத்தில் ஊறவைத்துச் சாப்பிடுவது இந்தப் பக்கத்து வழக்கம். அதை விட்டுவிடாதீர்கள்.

என்னை ஒருவர் 'பாண்டி' என்று கூப்பிட்டார். அந்த ஊருக்கு இனிப் போகவே தோன்றவில்லை ஐயா. (தென்காசியிலிருந்து ஒருவர்)

தமிழர்களை இளக்காரமாகச் சொல்கிற அந்தச் சொல் என் மேலும் விழுந்திருக்கிறது. வந்த புதிதில் ஒரு கடையில் சில்லறைத் தகராறில் சொன்னார்கள். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் எதிர்க்கடை மூத்தவர், மலையாளிதான், சாயாவோடு வந்து என் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். அந்தச் சொல்லைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. பித்தளை விலை எப்படி ஏறுகிறது என்று பேசிக்கொண்டிருந்தார். பிறகு தினமும் அதே நேரத்துக்கு வந்தார்.

நீங்கள் ஒரு தடவை நவராத்திரிக்கு முன்னால் வந்து பாருங்கள். 1956 நவம்பர் 1 வரைக்கும் கன்னியாகுமரியும் திருவனந்தபுரமும் ஒரே ஆட்சியில் இருந்தவை. மாநில எல்லைக் கோடு போட்ட பிறகும் பத்மநாபபுரம் சரஸ்வதியும் வேளிமலை முருகனும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் வருடம் தவறாமல் களியக்காவிளை தாண்டி இங்கே ஊர்வலமாக வருகிறார்கள். இரண்டு மாநிலப் போலீசும் மரியாதை செலுத்துவார்கள். ரோட்டோரம் குத்துவிளக்கு ஏற்றி வைத்து ஜனங்கள் காத்திருப்பார்கள். அந்த வரிசையில் நானும் நிற்பேன். யார் எந்த ஊர் என்று ஒருவரும் கேட்டதில்லை.

எந்த நாளில் வரக்கூடாது? (முதலில் கேட்ட மதுரைத் தம்பியே)

பங்குனி, ஐப்பசி ஆறாட்டு அன்று விமானத்தில் வருவதாக இருந்தால் நேரம் பார்த்துக்கொள்ளுங்கள். சுவாமி சங்குமுகம் கடலுக்கு நீராடப் போவது விமான நிலைய ஓடுபாதை வழியாக. அதனால் சில மணி நேரம் விமானங்களை நிறுத்திவிடுவார்கள்.

மாசி மாதம் ஆற்றுக்கால் பொங்கல் அன்று அறை கிடைப்பது கஷ்டம், வண்டியும் ஓடாது. ஆனாலும் மதுரைக்காரரான நீங்கள் ஒரு தடவை அன்றைக்கு வர வேண்டும், வீட்டுப் பெண்களையும் கூட்டிக்கொண்டு. மதுரையை எரித்துவிட்டுக் கொடுங்கல்லூர் போகிற வழியில் கண்ணகி இங்கே தங்கினாள் என்பது ஐதீகம். லட்சக்கணக்கான பெண்கள் தெருவெல்லாம் மூன்று செங்கல் வைத்து அடுப்பு மூட்டுவார்கள். முந்தின நாளே என் கடை வாசலில் நாலைந்து பேர் செங்கல் போட்டு இடம் பிடித்துவிடுவார்கள். உங்கள் வீட்டுக்கும் ஒரு இடம் பிடித்து வைக்கிறேன். பானையும் அரிசியும் வெல்லமும் சாலையிலேயே வாங்கிக்கொள்ளலாம்.