நோட்டில் தமிழ்

கேள்வி: எங்கள் கொழிஞ்சாம்பாறையில் வீட்டில் தமிழ், ஆபீஸில் மலையாளம். மொரீஷியஸில் ரூபாய் நோட்டிலேயே தமிழ் உண்டாமே, நிஜமா?
- பாலக்காடு மாவட்ட வாசகர்

பதில்: நிஜம்தான். இங்கிலீஷுக்கு அடுத்து தமிழ், அப்புறம்தான் இந்தி. 1998-ல் வந்த புது நோட்டில் இந்தியை முன்னால் ஏற்றிவிட்டார்கள். தமிழர்கள் கொதித்துப்போய்ப் போராட, அந்த நோட்டுகளையே திரும்பப் பெற வேண்டியதாயிற்று! இத்தனைக்கும் அங்கே தமிழர்கள் சிறுபான்மை, பேச்சும் பெரும்பாலும் பிரெஞ்சிலிருந்து பிறந்த கிரியோல் மொழிதான். ஆனால் பழைய குடிகள். பிரெஞ்சுக்காரர் காலத்தில், 1730-களிலேயே, புதுச்சேரிப் பக்கத்துக் கொத்தனார்கள் தலைநகர் போர்ட் லூயியில் வேலை பார்த்தார்கள். 1810-ல் பிரிட்டன் பிடித்தது. 1835-ல் அடிமை முறை ஒழிய, கரும்புத் தோட்டத்துக்கு லட்சக்கணக்கில் இந்தியர்களை ஒப்பந்தக் கூலிகளாக ஏற்றிப்போனார்கள், அதில் பீகார்க்காரர்கள் அதிகம். 1968-ல் விடுதலை, 1992-ல் குடியரசு.

நாடாளுமன்றம்தான் சுவாரஸ்யம். 62 பேர் ஜெயித்து வருவார்கள். எந்தச் சமூகத்துக்கு இடம் குறைந்ததோ அதைப் பார்த்து, தோற்றவர்களில் நல்ல ஓட்டு வாங்கியவர்களுக்கு 8 இடம் வரை கொடுப்பார்கள். பிரிவினையை இது கெட்டிப்படுத்துகிறது என்று அங்கேயே திட்டுகிறவர்களும் உண்டு. தமிழருக்கு அதில் தனிக் கணக்கு கிடையாது, இந்துக்களோடு சேர்த்தி. தைப்பூசத்துக்கு மட்டும் நாடு முழுக்க லீவு!