ஒரு கப் முந்திரி என்பது எத்தனை கிராம்?

முந்திரி கத்லிக்கு 500 கிராம் பருப்பு என்று குறிப்பில் இருக்கிறது, தராசு இல்லை, எத்தனை கப் போடலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். 240 மில்லி கப்பில் முழு முந்திரியைத் தலைதட்டி அளந்தால் ஏறத்தாழ 130 கிராம் நிற்கும். ஆகவே, நான்கு கப்புக்குச் சற்றுக் குறைவாக எடுத்துக்கொள்ளுங்கள். இவ்வளவோடு நிறுத்தியிருப்பேன், ஆனால் இதே கணக்கில் நான் ஒருமுறை பட்ட பாடு இன்னும் மறக்கவில்லை.

ஆறு ஆண்டுகளுக்கு முன், அக்கா மகளின் வளைகாப்புக்குக் கத்லி செய்து தருவதாக நானே ஏற்றுக்கொண்டேன். கல்யாணச் சமையல்காரர் ஒருவர் சொன்ன அளவு, ஒரு கிலோ முந்திரிக்கு 600 கிராம் சர்க்கரை. சர்க்கரை ஒரு கப் 200 கிராம் என்பது எனக்குத் தெரியும். அதே கணக்கை முந்திரிக்கும் வைத்து, ஐந்து கப் பருப்பும் மூன்று கப் சர்க்கரையும் அளந்தேன். மாவு திரண்டு வரவே இல்லை. கரண்டியிலும் வாணலியிலும் பாகாக ஒட்டியது. பயந்துபோய் மேலும் கிளறினேன். நெய் தடவிய தட்டில் கொட்டி ஆறவைத்துக் கத்தியை வைத்தபோது துண்டுகள் ஓரம் உடைந்தன, வெட்டிய முகத்தில் சர்க்கரை வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது. அக்கா ஒன்றும் சொல்லவில்லை. வரிசைத் தட்டுகளிலிருந்து அந்த ஒன்றை மட்டும் எடுத்து உள்ளே வைத்துவிட்டாள்.

மறுநாள் அதே கப்பில் முந்திரியை அளந்து எடுத்துச்சென்று மளிகைக் கடைத் தராசில் நிறுத்துப் பார்த்த பிறகுதான், ஐந்து கப் என்பது 650 கிராம் அளவுக்குத்தான் வரும் என்பது புரிந்தது. சர்க்கரை பருப்பைவிட அடர்த்தியான பொருள், அதனால் அதே கப்பில் எடை கூடுதலாக நிற்கும். பருப்பு எந்த வடிவில் இருக்கிறது என்பதைப் பொறுத்தும் எடை மாறும். பாதாமையே எடுத்துக்கொண்டால், முழுதாக ஒரு கப் 140 கிராம், மெல்லிய சீவல் 90 கிராம், பொடி 95 கிராம் என்று ஒரே பருப்புக்கு மூன்று எடை வரும். அக்ரூட் இதற்கு நேர்மாறு: பாதிப் பருப்பாக ஒரு கப் 100 கிராம்தான், நறுக்கிப் போட்டால் நெருங்கி உட்கார்ந்து 115 கிராமைத் தாண்டும்.

ஆதலால் குறிப்பின் சொல்வரிசையைக் கவனித்துப் படியுங்கள். 'ஒரு கப் பாதாமைப் பொடித்து' என்பதும் 'பொடித்த பாதாம் ஒரு கப்' என்பதும் ஒன்றல்ல. இரண்டுக்கும் 45 கிராம் வேறுபாடு. குறிப்பு எழுதுபவர்கள் இதைப் பிரித்துச் சொல்வதில்லை என்பதும், தங்கள் கப் 200 மில்லியா 250 மில்லியா என்றுகூடக் குறிப்பிடுவதில்லை என்பதும் எனக்கு உண்மையிலேயே வருத்தம். விலை கொடுத்து வாங்கிய பருப்பல்லவா வீணாகிறது?

பாட்டி உழக்கால் அளந்துதானே செய்தாள் என்று சிலர் கேட்கக்கூடும். கைப்பக்குவத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. பாட்டி பருப்பையும் சர்க்கரையையும் ஒரே உழக்கால் அளந்தாள், அவளுடைய விகிதமும் அந்த உழக்குக்கு உரியது. எடையில் சொன்ன குறிப்பைக் கப்புக்கு மாற்றும்போதுதான் தவறு நேர்கிறது.

பாதாமாக இருந்தால் ஊறவைப்பதற்கு முன்பே அளந்துவிடுங்கள். ஊறிய பருப்பு தண்ணீர் குடித்து எடை கூடியிருக்கும். முந்திரிக்குக் கப்பைவிட நம்பகமான வழி ஒன்று உண்டு. கடையில் 320 என்று சொல்லும் ரகத்தில், 454 கிராம் கொண்ட ஒரு பவுண்டுக்கு 300 முதல் 320 வரை முழுப் பருப்புகள் இருக்கும். அந்த ரகமா என்று கேட்டு வாங்கி, 340 பருப்புகளை எண்ணிப் போட்டால் 500 கிராமுக்கு மிக அருகில் வந்துவிடும்.