ஐஐஎஸ் தளத்தை பேக்கேஜ் எடுத்தால் எந்த செட்டிங் கூட வரும்?

கேள்வி: விண்டோஸின் வெப் சர்வரான ஐஐஎஸ்ஸில் ஓடும் தளத்தை வேறு சர்வருக்கு மாற்ற, வெப் டிப்ளாய் என்ற கருவியில் ஐஐஎஸ்ஆப் புரொவைடர் (எதை எடுக்க வேண்டும் என்று சொல்லும் பகுதி) கொடுத்து ஜிப் எடுத்தேன். புது சர்வரில் டீஃபால்ட் டாக்குமென்ட் (தளத்தைத் திறந்ததும் முதலில் வரும் பக்கம்) செட்டிங் சரியாக வந்துவிட்டது, விண்டோஸ் ஆதென்டிகேஷன் (விண்டோஸ் கணக்கால் உள்நுழைவது) வரவில்லை. ஏன் சார்?

பதில்: ஐஐஎஸ் மேனேஜரில் இரண்டும் அக்கம்பக்கத்தில் தெரிந்தாலும் எழுதப்படும் இடம் வேறு. டீஃபால்ட் டாக்குமென்ட் தளத்தின் ஃபோல்டரிலுள்ள வெப்.கான்ஃபிக் என்ற செட்டிங் ஃபைலில் உட்காரும். அது மற்ற ஃபைல்களோடு ஜிப்பில் ஏறிவிடும். ஆதென்டிகேஷன் பகுதி இன்ஸ்டால் ஆகும்போதே வெப்.கான்ஃபிக்கில் எழுத முடியாதபடி பூட்டப்பட்டிருப்பதால், மேனேஜர் அதை சர்வர் முழுவதற்குமான அப்ளிகேஷன்ஹோஸ்ட்.கான்ஃபிக்கில், தளத்தின் பெயர் போட்ட லொகேஷன் டேகுக்குள் எழுதும். ஐஐஎஸ்ஆப் அந்தப் பக்கமே போகாது.

சரி, அந்த வரிகளை வெப்.கான்ஃபிக்கில் ஒட்டிவிடலாம் என்று தோன்றும். ஒட்டினால் 500.19 என்ற கான்ஃபிக் பிழை, கீழே 80070021 என்ற குறி. பூட்டிய பகுதி என்று அர்த்தம். பல தளங்கள் ஓடும் சர்வரில் அந்தப் பூட்டைத் திறக்கச் சொல்ல மாட்டேன். தளத்தின் சர்வர் செட்டிங்கையும் எடுக்கும் ஆப்ஹோஸ்ட்கான்ஃபிக் புரொவைடரில் மறுபடி பேக்கேஜ் எடுங்கள். புது சர்வரில் விண்டோஸ் ஆதென்டிகேஷன் ரோல் சர்வீஸ் (ஐஐஎஸ்ஸில் தனியே சேர்க்கும் பகுதி) இன்ஸ்டால் ஆகியிருக்கிறதா என்றும் பாருங்கள். அதை எந்த ஜிப்பும் கொண்டுவராது.

கேள்வி: ஆப்ஹோஸ்ட்கான்ஃபிக் கொடுத்தால் எல்லாம் வந்துவிடுமா?

பதில்: பைண்டிங் (தளத்தின் பெயர், போர்ட்), வர்ச்சுவல் டைரக்டரி, லொகேஷன் டேக், கன்டென்ட் வரும். தளம் ஓடும் புராசஸை நடத்தும் ஆப் பூல் தானாக வராது. அந்தப் பெயரில் அங்கே பூல் இல்லையென்றால் தளம் திறக்காது, 503 பிழைதான். -எனேபிள்லிங்க் என்ற சுவிட்சில் ஆப்பூல்எக்ஸ்டென்ஷன் சேர்க்க வேண்டும். பூல் தனி யூசரில் ஓடினால் இன்னொரு சிக்கல்: அதன் பாஸ்வேர்ட் அந்த மெஷினின் சாவியால் என்கிரிப்ட் ஆகியிருக்கும். எடுக்கும்போது என்கிரிப்ட்பாஸ்வேர்ட் என்று ஒன்று கொடுத்து, இறக்கும்போதும் அதையே கொடுங்கள்.

எஸ்எஸ்எல் சான்றிதழை பிஎஃப்எக்ஸ் ஃபைலாக (சான்றிதழும் பிரைவேட் கீயும் சேர்ந்தது) தனியே எடுத்துப்போவதே நிம்மதி. பிரைவேட் கீயை எக்ஸ்போர்ட் செய்ய அனுமதி இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: முகவரியை மாற்றி அனுப்பும் ரீரைட் விதிகள் எல்லாம் வெப்.கான்ஃபிக்கில்தானே இருக்கின்றன? அப்படியும் 500.19 வருகிறது.

பதில்: குறி 8007000டி என்றால் யூஆர்எல் ரீரைட் மாட்யூல் அங்கே இல்லை. விதி போகும், மாட்யூல் போகாது. மாட்யூலைப் போட்டபின் 500.50 வந்தால், பெரும்பாலும் விதி அனுமதியில்லாத ஏதோ சர்வர் வேரியபிளை மாற்றப் பார்க்கிறது. அனுமதிக்கப்பட்ட வேரியபிள் பட்டியல் அப்ளிகேஷன்ஹோஸ்ட்.கான்ஃபிக்கில்தான் இருக்கும். பலர் நாள் கணக்கில் விதியையே திருத்திக்கொண்டிருப்பது இங்கேதான்.

கேள்வி: ஃபோல்டர் பர்மிஷன்?

பதில்: தானாக வராது, இறக்கியபின் கொடுங்கள். ஆப் பூல் ஐடென்டிட்டியின் (பூல் ஓடும் கணக்கின்) எஸ்ஐடி, அதாவது விண்டோஸ் பர்மிஷனில் பதியும் அடையாள எண், பூல் பெயரிலிருந்தே உருவாவதால், பெயர் ஒன்றாக இருந்தால் இரண்டு சர்வரிலும் அதே எஸ்ஐடிதான். லோக்கல் யூசருக்கு அப்படி இல்லை.

கேள்வி: இறக்குமுன் சரிபார்க்க வழி உண்டா?

பதில்: அதே கட்டளையின் கடைசியில் -வாட்இஃப் சேர்த்து ஓட்டுங்கள். எதையும் தொடாமல், எதைச் சேர்க்கும், எதை மாற்றும், எதை அழிக்கும் என்று வரிவரியாகக் காட்டும். அழிக்கும் வரிகளை மட்டும் இரண்டு முறை படியுங்கள். பயனர்கள் ஏற்றிய படங்கள் கிடக்கும் ஃபோல்டர் பெரும்பாலும் அந்தப் பட்டியலில்தான் இருக்கும்.