பீட் சேருது, சுருதி சேரலையே!

கேள்வி: கல்யாணம், அம்மன் கோயில் கொடைக்கு டிஜே போடுகிறேன். இரண்டு பாட்டுக்குமே மென்பொருள் காட்டும் சுருதி எண் 8ஏ, அதாவது ஏ மைனர். பீட்டும் சரி. ஆனால் கலக்கும்போது நாராசமாகக் கேட்கிறது. ஏன்?
– வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: முதலில் கீ லாக் (வேகத்தை மாற்றினாலும் சுருதியை மாறாமல் வைக்கும் வசதி) போட்டிருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாமல் 100 பிபிஎம் (நிமிடத்துக்கு 100 பீட்) பாட்டை 106க்கு ஏற்றினால் சுருதியும் ஏறத்தாழ அரைக்கட்டை ஏறும். 6 கட்டையில் இருந்த ஏ மைனர் 6½ கட்டைக்குப் போய்விடும்; அதாவது 8ஏ, 3ஏ ஆகிவிடும். பெரும்பாலும் கோளாறு இதுதான்.

கீ லாக் இருந்தும் உறுத்தினால் மென்பொருளின் எண்ணை நம்பாதீர்கள். அதற்குத் தெரிந்தது மேஜர், மைனர் மட்டுமே. மாயாமாளவகௌளை ராகத்தில் அமைந்த பாட்டு இரண்டிலும் அடங்காது. ஏதோ ஒரு எண்ணை ஒட்டிவிடும். பல்லவி வந்து நிற்கும் ஸட்ஜத்தைக் கீபோர்டில் அழுத்திப் பார்த்து நீங்களே குறித்துக்கொள்ளுங்கள்.

8ஏ-வுக்கு 7ஏ, 9ஏ, 8பி (சி மேஜர்) பொருந்தும். 8பி-யில் ஏழு சுரமும் ஒன்றே. மற்ற இரண்டில் ஒன்றுதான் மாறும்.

நையாண்டி மேளப் பதிவில் நாதஸ்வரம் இரண்டு கட்டைக்கு நடுவில் நிற்கலாம். அதைப் பாட்டோடு கலக்கவே வேண்டாம். தவிலும் பம்பையும் தனியாக வாசிக்கும் 8 பாரில் (தாளச் சுற்றில்) அடுத்த பாட்டுக்கு மாற்றுங்கள்.