பழைய பத்மினிக்குப் புதிய ஏர் ஃபில்டர்: ஆர்.சி. புதுப்பிப்புக்குத் தடையாகுமா?

கேள்வி: ஏற்காட்டில் எங்களுக்குச் சிறிய காப்பித் தோட்டம் இருக்கிறது. என் தந்தையார் 1981-இல் புதிதாக வாங்கிய பிரீமியர் பத்மினி காரை நான் இன்றும் ஓட்டி வருகிறேன். கொண்டை ஊசி வளைவுகளில் இழுவை போதவில்லை என்று சேலத்தில் ஒரு பட்டறையில் விட்டேன். அவர்கள் பழைய ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றிவிட்டுத் திறந்த கூம்பு ஃபில்டரைப் பொருத்தி, கார்புரேட்டரில் பெரிய ஜெட்டும் (பெட்ரோலின் அளவைத் தீர்மானிக்கும் துளையுள்ள சிறு பாகம்) போட்டுக் கொடுத்தார்கள். அதன் பிறகு புகைப் பரிசோதனையில் கார்பன் மோனாக்சைடு 4.6 சதவீதம் என்று வந்ததால் சான்றிதழ் கிடைக்கவில்லை. ஆர்.சி. (பதிவுச் சான்றிதழ்) புதுப்பிக்கச் சென்ற இடத்தில் ஆய்வாளர், இது சட்டவிரோத மாற்றம் என்று வாய்மொழியாகச் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார். பட்டறைக்காரர் பில்லும் தரவில்லை, பழைய பெட்டியையும் தரவில்லை. நான் செய்தது குற்றமா? எந்த ஃபில்டரைப் போடலாம்? பட்டறையிடம் இழப்பீடு கேட்க முடியுமா?

பதில்: தாங்கள் ஃபில்டரை மாற்றியது மட்டுமே குற்றமாகாது என்பது என் கருத்து. ஆனால் 4.6 சதவீதம் என்ற அளவோடு அந்தக் காரைச் சாலையில் ஓட்டினால் அது குற்றம். இவ்விரண்டையும் ஆய்வாளர் ஒன்றாகச் சேர்த்துப் பேசியிருக்கிறார். தங்கள் தரப்பை எடுத்துரைக்கும்போது தாங்கள் இவற்றைப் பிரித்தே வைக்க வேண்டும்.

மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டவற்றுக்கு முரணாகும்படி உரிமையாளர் வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது. மாற்றம் என்றால் என்ன என்பதையும் அதே பிரிவின் விளக்கவுரை சொல்கிறது: வாகனத்தின் அமைப்பில் செய்யப்பட்டு, அதன் அடிப்படைத் தன்மையையே வேறாக்கிவிடுவதுதான் மாற்றம். 2019 ஜனவரியில் ஜெயச்சந்திரா வழக்கில் உச்ச நீதிமன்றம் இப்பிரிவைக் கண்டிப்புடன் வலியுறுத்தியது. அலுவலர்கள் பெரும்பாலும் அந்தத் தீர்ப்பை மனத்தில் வைத்தே பேசுகிறார்கள். ஆனால் தங்கள் ஆர்.சி.யில் இருப்பவை எஞ்சின் எண், சேசிஸ் எண், 1089 கன சென்டிமீட்டர் என்ற கொள்ளளவு, எரிபொருள், இருக்கைகள், எடை போன்றவை. ஏர் ஃபில்டரின் வடிவம் அதில் எங்கும் இல்லை; அதை மாற்றியதால் அந்த விவரங்களில் ஒன்றும் மாறவில்லை. சட்டம் அனுமதிக்காத மாற்றத்துக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்க 182-ஏ பிரிவின் நான்காம் உட்பிரிவு இடமளிக்கிறது என்பது உண்மைதான். தங்கள் ஃபில்டரை அதற்குள் கொண்டுவர அரசுத் தரப்பு மிகவும் சிரமப்பட வேண்டியிருக்கும்.

புகை விஷயத்தில் எனக்குத் தயக்கமில்லை. பாரத் ஸ்டேஜ் எனப்படும் புகை வெளியேற்ற விதிமுறைகளுக்கு முந்தைய நான்கு சக்கரப் பெட்ரோல் வாகனங்களுக்கு, வண்டி நின்று ஐடிலில் ஓடும்போது கார்பன் மோனாக்சைடு 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று மத்திய மோட்டார் வாகன விதிகளின் 115-ஆம் விதி வரையறுக்கிறது. அந்த விதியை மீறிப் பொது இடத்தில் ஓட்டினால் 190-ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவின்படி முதல் முறையே மூன்று மாதம் வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கலாம். ஓட்டுநர் உரிமமும் மூன்று மாதத்துக்குத் தகுதியிழக்கும். ஒலி மாசும் இதே பிரிவில்தான் வருகிறது. பழைய பெட்டி எஞ்சின் காற்றை உறிஞ்சும் இரைச்சலையும் அடக்கிவந்தது. திறந்த ஃபில்டர் அதை அடக்காது. ஆகவே சான்றிதழ் கிடைக்கும் வரை, பட்டறைக்கும் பரிசோதனை நிலையத்துக்கும் தவிர வேறெங்கும் அந்தக் காரை எடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இனி, எதை மாற்றினால் அளவு குறையும் என்பது. ஐடிலில் த்ராட்டில் (எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் தகடு) ஏறக்குறைய மூடியே இருப்பதால், அந்நிலையில் ஃபில்டரால் பெரிய வேறுபாடு வராது. அளவு ஏறியதற்குக் காரணம், பெரிய ஜெட் போட்ட கையோடு ஐடிலில் பெட்ரோல் கலவையைச் சரிசெய்யும் மிக்ஸ்சர் திருகையும் திறந்து பெட்ரோலைக் கூட்டியதாகவே இருக்க வேண்டும். அனுபவமுள்ள கார்புரேட்டர் மெக்கானிக் ஒருவரிடம் பழைய அளவு ஜெட்டைப் போடச் சொல்லி, எஞ்சின் நன்றாகச் சூடான பின், சோக் முழுதும் உள்ளே தள்ளப்பட்டிருக்கும் நிலையில் புகையை அளந்துகொண்டே திருகைச் சரிசெய்யச் சொல்லுங்கள்.

இழுவைக் குறைவுக்கும் ஃபில்டர் மருந்தல்ல. சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்திலும் ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்திலும் இருக்கின்றன. மேலே காற்றின் அடர்த்தி ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. கார்புரேட்டர் அதற்கேற்பப் பெட்ரோலைக் குறைத்துக்கொள்ளாது. ஆகவே சேலத்தில் சரியாக இருக்கும் கலவை ஏற்காட்டில் பெட்ரோல் மிகுந்ததாக ஆகிவிடுகிறது. பட்டறைக்காரர் பெரிய ஜெட் போட்டது நேர்மாறான வைத்தியம். திறந்த ஃபில்டரோ பானட்டுக்குள் எஞ்சினின் சூடான காற்றையே இழுக்கிறது. காற்று 3 டிகிரி சூடேறினால் அடர்த்தி ஏறத்தாழ 1 சதவீதம் குறைகிறது என்பதை வைத்துப் பார்த்தால், மெதுவாக ஏறும் வளைவுகளில் அதனால் கிடைப்பதைவிட இழப்பதே அதிகம். செட்டிச்சாவடிப் பக்கத்து வெள்ளைக்கல் சுரங்கங்களின் தூசி படிந்த சாலைகளில் அடிக்கடி போகிறவருக்கு, தூசியைச் சரியாகப் பிடிக்காத மலிவான ஃபில்டர் சிலிண்டரையே தேய்த்துவிடும். எஞ்சினின் தீ கார்புரேட்டர் வழியே பின்னோக்கிச் சீறினால் அதைத் தடுத்து நிறுத்துவதும் பழைய இரும்புப் பெட்டிதான்.

எனவே, அசல் வடிவப் பெட்டியைத் தேடிப் பிடித்து, அதில் நல்ல காகித ஃபில்டரைப் போட்டு, குறித்த காலத்தில் மாற்றி வருவதையே பரிந்துரைக்கிறேன். அதைவிடச் சற்று மேம்பட்டது வேண்டுமென்றால் அதே பெட்டிக்குள் அடங்கும் எண்ணெய் தடவிய பருத்தி ஃபில்டரையும், முன்கிரில்லுக்குப் பின்னாலிருந்து குளிர்ந்த காற்றைக் கொண்டுவரும் குழாயையும் சேர்க்கலாம். இவை கழற்றி மீண்டும் பொருத்தக் கூடியவை. ஆய்வாளர் முன் பராமரிப்பு என்று தயக்கமின்றிச் சொல்லக் கூடியவை. கிரான்க்கேஸிலிருந்து (எஞ்சினின் அடிப்பகுதிக் கூடு) ஆவியை வெளியேற்றும் ப்ரீதர் குழாய் பழைய பெட்டியோடு இணைந்திருந்தால், அதையும் மறவாமல் திரும்ப இணைக்க வேண்டும்.

அசல் பெட்டியைக் காப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2021 ஜூலையில் வந்த திருத்தத்தின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்து, அசல் நிலை மாறாமல் இருக்கும் கார்களை விண்டேஜ் வாகனமாகப் பதிவு செய்யலாம். தங்கள் காருக்கு அந்தத் தகுதி 2031-இல் வரும். ஆனால் அப்படிப் பதிவு செய்த காரை அன்றாடம் ஓட்ட முடியாது. தோட்டத்துக்குப் போய்வரும் காருக்கு அது பொருந்துமா என்பதைத் தாங்களே முடிவு செய்ய வேண்டும்.

காப்பீட்டு நிறுவனத்துக்கு இப்போதைய பொருத்தம் பற்றி ஒரு கடிதம் எழுதி, ஒப்புகை பெற்றுக்கொள்ளுங்கள். நாளை பானட்டுக்குள் தீப்பிடித்தால், சொல்லாமல் மாற்றினார் என்று சொந்தச் சேதத்துக்கான தொகையை அவர்கள் மறுக்க இடம் தரக் கூடாது.

ஆர்.சி.யைப் பொறுத்தவரை, புகைச் சான்றிதழ் வாங்கிய பின் மீண்டும் விண்ணப்பியுங்கள். அப்போதும் மறுத்தால் வாய்மொழியை ஏற்க வேண்டாம். 45-ஆம் பிரிவின்படி மறுப்புக்குக் காரணங்களுடன் எழுத்து வடிவில் உத்தரவு தர வேண்டியது பதிவு அலுவலரின் கடமை. அந்த உத்தரவு கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் 57-ஆம் பிரிவின் கீழ் மேல்முறையீடு செய்யலாம்.

பட்டறை மீது தங்களுக்கு வலுவான வழக்கு இருக்கிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி செய்த சேவைக்குப் பில் தராமலிருப்பதே நேர்மையற்ற வணிக முறை. காரைப் புகைச் சோதனையில் தோற்கும் நிலையில் திருப்பித் தந்தது சேவைக் குறைபாடு. முதலில் பில், அசல் பெட்டி, சரிசெய்த செலவு ஆகியவற்றைக் கேட்டு, 15 நாள் அவகாசம் தந்து, ஒப்புகையுடன் கூடிய விரைவுத் தபால் (ஸ்பீட் போஸ்ட்) அனுப்புங்கள். பணம் செலுத்திய வங்கிப் பதிவு, வாட்ஸ்அப் உரையாடல், தோல்வியடைந்த சோதனைச் சீட்டு, புதிய மெக்கானிக் எழுதித் தரும் குறிப்பு ஆகியவற்றைச் சேர்த்து வையுங்கள். கழற்றிய பெரிய ஜெட்டைத் தூக்கி எறிந்துவிட வேண்டாம்; அது முக்கியமான சான்றுப் பொருள். பதில் வராவிட்டால் சேலம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை; வழக்கறிஞர் இல்லாமலும் வாதிடலாம். கார் திரும்பக் கைக்கு வந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் பதிவாகிவிட வேண்டும் என்பதால், பட்டறைக்காரர் இன்று நாளை என்று சொல்லும் தவணைகளுக்காகக் காத்திருக்க வேண்டாம்.