யோம் கிப்பூர் நோன்பும் சவ்தாவின் சர்க்கரையும்

கேள்வி: டாக்டர் ஐயா, எனக்கு நாகர்கோவில் பக்கம். நான்கு வருடமாக இஸ்ரேலில், ஹைஃபா நகரில் ஒரு யூதப் பாட்டியை அவர் வீட்டிலேயே தங்கிக் கவனித்துக்கொள்கிறேன். சவ்தா என்றுதான் கூப்பிடுவேன், அவர்கள் மொழியில் பாட்டி என்று அர்த்தம். வயது 79. இருபது வருடத்துச் சர்க்கரை. காலையும் இரவும் மெட்ஃபார்மின், இரவு ஒன்பது மணிக்கு கிளார்ஜின் இன்சுலின், பிரஷருக்கு நீர் பிரியும் மாத்திரை. கிரியாட்டினின் கொஞ்சம் கூடுதல். யூதர்களின் பாவநிவிர்த்தி நாளான யோம் கிப்பூர் நோன்புக்குப் போன வருடம் தண்ணீர்கூடத் தொடவில்லை. மதியம் மூன்று மணிக்கு வேர்த்துக் கொட்டி, என்னைப் பார்த்தே "நீ யார்" என்று கேட்டார். சர்க்கரை 54. ஜூஸ் கொடுத்தால் வாயை இறுக மூடிக்கொண்டார். அடுத்த தெருவிலிருந்து மகன் நடந்து வந்து கெஞ்சிய பிறகுதான் குடித்தார். அன்று முழுக்க அழுகை. இந்த வருடமும் நோன்பு இருப்பேன் என்கிறார். நான் வேற்று மதத்துக்காரி, தடுக்க எனக்கு உரிமை உண்டா? அவருக்குத் தெரியாமல் எதையாவது கலந்து கொடுத்தால் பாவமா? அவர்கள் சட்டம் உண்மையில் என்னதான் சொல்கிறது?

பதில்: சகோதரி, மருத்துவராக நான் சொல்லவேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் சவ்தா இந்த நோன்பை முழுதாக இருக்கக் கூடாது. சூரியன் மறைவதற்குச் சற்று முன் தொடங்கி மறுநாள் இரவு நட்சத்திரம் தெரியும்வரை, ஏறக்குறைய 25 மணி நேரம், சோறும் இல்லை, தண்ணீரும் இல்லை. இரவில் போட்ட இன்சுலின் அந்த 25 மணி நேரமும் தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். நீர் பிரியும் மாத்திரை உடம்பின் தண்ணீரை வெளியே தள்ளும். சிறுநீரகம் ஏற்கெனவே சற்றுத் தளர்ந்திருக்கிறது. போதாததற்கு, வயதானவர்களுக்குத் தாகமே சரியாகத் தெரியாது. நாக்கு வறண்டு கிடக்கும், "எனக்கு ஒன்றும் வேண்டாம்" என்பார்கள். போன வருடம் 54-க்கு இறங்கி ஆள் அடையாளம் தெரியாமல் போனவர், இந்த வருடம் அதைவிடக் கீழே போகலாம்.

ஆனால் இதை மட்டும் நீங்கள் போய்ச் சொன்னால் அவர் கேட்கமாட்டார். எண்பது வயதை நெருங்கும் ஒருவருக்கு அந்த நாள் என்னவென்று புரிந்துகொண்டு பேசினால்தான் பேச்சு ஏறும். மான்செஸ்டரில் நான் வேலை பார்த்த வருடங்களில் யூத நோயாளிகள் பலர் இதே கேள்வியோடு வருவார்கள். அப்போது கற்றுக்கொண்டவை இன்றுவரை எனக்கு உதவுகின்றன.

யூதர்களுக்கு வருடத்தில் சில நோன்பு நாட்கள் உண்டு. அவற்றில் மோசேயின் சட்டமே நேராக விதித்தது யோம் கிப்பூர் ஒன்றுதான். லேவியராகமம் 16-ஆம், 23-ஆம் அதிகாரங்களில் ஏழாம் மாதம் பத்தாம் நாள் "ஆத்துமாக்களைத் தாழ்மைப்படுத்த" வேண்டும் என்று வருகிறதே, அந்த நாள். மற்ற நோன்புகள் பின்னால் வந்தவை. எருசலேம் கோயில் இரண்டு முறை இடிபட்ட துக்கத்துக்கு யூத நாட்காட்டியின் ஆவ் மாதம் ஒன்பதாம் நாள், அதுவும் 25 மணி நேரம். நகரத்தின் முற்றுகை, மதில் உடைந்தது, யூதாவின் ஆளுநர் கெதலியாவின் கொலை ஆகியவற்றை நினைத்து மூன்று நாட்கள், பூரிம் பண்டிகைக்கு முந்தின எஸ்தரின் நோன்பு ஒன்று; இந்த நான்கும் விடியலிலிருந்து இருட்டும்வரை மட்டுமே. இவற்றில் நோயாளிக்கு உயிராபத்து இல்லாவிட்டாலும் விலக்கு உண்டு. எனவே அந்த நாட்களைப் பற்றி நீங்களும் அவரும் கவலைப்பட வேண்டியதே இல்லை. சிக்கல் யோம் கிப்பூருக்குத்தான். அன்று வெறும் "உடம்பு சரியில்லை" போதாது. உயிருக்கு ஆபத்து வரக்கூடும் என்ற நிலை வேண்டும். அப்படி ஆபத்து இருந்தால் சாப்பிடலாம் என்பதோடு அவர்கள் சட்டம் நிற்பதில்லை, சாப்பிட்டே ஆகவேண்டும் என்கிறது. உயிரைக் காப்பது அந்த நாளின் கட்டளையையே தள்ளிவைத்துவிடுகிறது. "இவற்றின்படி செய்கிறவன் இவற்றால் பிழைப்பான்" என்று லேவியராகமம் 18-இல் வரும் வசனத்துக்கு, "பிழைக்கத்தான், சாவதற்கு அல்ல" என்று அவர்களின் பழைய சட்ட உரைநூலான தல்மூத் சொல்கிறது.

இங்கே ஒரு விஷயத்தைச் சற்று விரித்துச் சொல்ல ஆசை. சர்க்கரை வைத்தியம் பார்க்கும் எனக்கு அதைப் படித்தபோது மெய்சிலிர்த்தது. யூதர்களின் சட்டத் தொகுப்பான மிஷ்னா கிட்டத்தட்ட கி.பி. 200-இல் தொகுக்கப்பட்டது. அதில் யோம் கிப்பூர் பற்றிய பகுதியில் "புல்மோஸ்" என்று ஒரு நிலை வருகிறது. திடீரென்று அடங்காப் பசி பற்றிக்கொண்டு, கண் இருண்டுபோகும் நிலை. அப்படி ஆனவருக்குக் கையில் கிடைத்ததைக் கொடு, விலக்கப்பட்ட உணவாக இருந்தாலும் கொடு, அவர் கண் தெளியும்வரை கொடு என்கிறது அந்தச் சட்டம். அதற்கு உரை எழுதிய தல்மூத், தேனும் இனிப்பும் கொடுக்கவேண்டும், அவை கண்ணைத் தெளியவைக்கும் என்கிறது. சான்றாக சவுல் ராஜாவின் மகன் யோனத்தான் கதையைக் காட்டுகிறது. போர்க்களத்தில் பசித்துக் களைத்த யோனத்தான் கோலின் முனையில் தேனைத் தொட்டு வாயில் வைக்கிறான், உடனே அவன் கண்கள் தெளிகின்றன. நம் ஊரில் "பசியில் கண்ணை இருட்டிக்கொண்டு வருகிறது" என்போமே, அதே கண், அதே இருட்டு. இன்சுலினும் குளுக்கோமீட்டரும் இல்லாத காலத்தில், நாம் இன்று லோ சுகருக்குச் செய்வதை அவர்கள் சட்டமாகவே எழுதிவைத்திருக்கிறார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது, அது நேராக உங்கள் சவ்தாவுக்கே எழுதியதுபோல இருக்கும். நோயாளி "எனக்கு உணவு வேண்டும்" என்று சொல்லி, மருத்துவர் "தேவையில்லை" என்றால் யார் சொல் செல்லும்? நோயாளியின் சொல்தான், தன் மனக்கசப்பு தன் இருதயத்துக்கே தெரியும் என்று நீதிமொழிகளை எடுத்துக்காட்டுகிறார்கள். சரி, மருத்துவர் "வேண்டும்" என்று சொல்லி, நோயாளி "வேண்டாம்" என்றால்? அப்போது மருத்துவரின் சொல் செல்லும். காரணம், நோயாளியை மயக்கம் பிடித்திருக்கிறது, அதனால் தன் தேவை அவருக்கே தெரியவில்லை. போன வருடம் மூன்று மணிக்கு வாயை இறுக மூடிக்கொண்டது சவ்தாவின் பக்தி மட்டும் அல்ல. சர்க்கரை இறங்கிய மூளைக்கு முடிவெடுக்கும் தெளிவு இருக்காது. அதனால்தான் முடிவை அந்த நேரத்துக்கு விட்டுவைக்கக் கூடாது. தெளிவாக இருக்கும்போதே, பண்டிகைக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே எடுத்துவிட வேண்டும்.

தெரியாமல் கலந்து கொடுக்காதீர்கள். பாவ புண்ணியம் பேச நான் ஆள் இல்லை. ஆனால் ஒருமுறை கண்டுபிடித்துவிட்டால் அதன்பிறகு நீங்கள் நீட்டும் எந்த மாத்திரையையும் அவர் நம்பமாட்டார். மகனிடம் சொல்லி, சவ்தாவை அவருடைய டாக்டரிடம் கூட்டிப்போங்கள். போன வருடத்து 54-ஐ எழுதிக் காட்டுங்கள். "நோன்பு இவர் உயிருக்கு ஆபத்து" என்று டாக்டர் சொன்னால், அதே வார்த்தையோடு சவ்தா நம்பும் ரப்பியிடம், அதாவது யூத மதகுருவிடம், போகவேண்டும். உங்கள் வாயால் வந்தால் தடையாகத் தெரிவது, ரப்பியின் வாயால் வந்தால் கட்டளையாக இருக்கும்.

ரப்பிகள் பெரும்பாலும் ஒரு வழி சொல்வார்கள். தண்டனைக்குரிய அளவு என்று சட்டம் குறித்திருப்பது, உணவில் ஒரு பெரிய பேரீச்சம்பழ அளவு, பானத்தில் ஒரு கன்னம் நிறையும் அளவு. அதற்குக் குறைவாக, இடைவெளி விட்டுக் கொடுப்பதுதான் அந்த வழி. நடைமுறையில் ஒருமுறைக்கு 30 மில்லிக்கு மேற்படாமல், ஒன்பது பத்து நிமிடத்துக்கு ஒருதரம். கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு ஆறுமுறை 30 மில்லி என்றால் 180 மில்லி. பகலில் பத்து மணி நேரத்துக்கு ஒன்றேமுக்கால் லிட்டருக்கு மேல் தண்ணீர் உள்ளே போய்விடும். மருத்துவரீதியாக இது தாராளம். இருமல் மருந்துக்கு வரும் அளவுக் கிண்ணத்தை எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இதை முதல்நாள் இரவிலிருந்தே, சர்க்கரை நன்றாக இருக்கும்போதே தொடங்க வேண்டும். மயங்கிய பிறகு மில்லி அளக்க நேரமில்லை. எந்த அளவு, எந்த இடைவெளி என்பதை ரப்பி சொல்வதுபோல வைத்துக்கொள்ளுங்கள். இது போதாது, முழுதாகவே சாப்பிடட்டும் என்று டாக்டர் சொன்னால் அதையும் ரப்பியிடம் சொல்லிவிடுங்கள்.

இன்சுலின்: இரவு ஒன்பது மணி ஊசி நோன்பு தொடங்கிய பிறகு வருகிறது. சாப்பாடு குறையும் நாளில் அந்த அளவில் ஐந்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ குறைப்பது வழக்கம். எத்தனை யூனிட் என்பதை அவர் டாக்டர் எழுதித் தரட்டும். நீர் பிரியும் மாத்திரையை அன்று நிறுத்தலாமா, மெட்ஃபார்மின் எப்படி என்பதையும் அதே சீட்டில் கேட்டு வாங்குங்கள். சர்க்கரையை இரவு படுக்குமுன், விடியற்காலை, காலை பத்து, பகல் ஒன்று, மாலை நான்கு மணிக்குப் பாருங்கள். வேர்வை, நடுக்கம், பேச்சில் குழறல், வழக்கமில்லாத கோபம் எது வந்தாலும் உடனே பாருங்கள். 70-க்குக் கீழே போனால் எந்த அளவும் இடைவெளியும் கிடையாது. மூன்று டீஸ்பூன் சர்க்கரை கரைத்த தண்ணீரை முழுதாகக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறவில்லை என்றால் மறுபடி கொடுங்கள். தேறியதும் ரொட்டித் துண்டு ஏதாவது கொடுங்கள். 300-க்கு மேல் போனாலும் நோன்பு அத்தோடு முடிந்தது, டாக்டரை அழையுங்கள். விழுங்க முடியாத அளவு மயக்கம் என்றால் வாயில் எதையும் ஊற்றாமல் ஆம்புலன்ஸுக்கு 101-ஐ அழையுங்கள். அன்று தெருவில் ஒரு வண்டி இருக்காது, பஸ் ஓடாது, ஆனால் ஆம்புலன்ஸ் வரும்.

செருப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. அன்று தோல் காலணி போடமாட்டார்கள். இருபது வருடத்துச் சர்க்கரை என்பதால் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கலாம். வெறும் சாக்ஸோடு நடக்கவிடாதீர்கள், துணியிலோ ரப்பரிலோ செய்த மூடிய காலணி போட்டுவிடுங்கள். குளியலும் அன்று இல்லை என்பதால் வெயிலில் அலையாமல் வீட்டிலேயே படுத்திருக்கட்டும். ஜெப ஆலயத்துக்குப் போய்க் களைத்துப்போவதைவிட வீட்டில் இருப்பதே மேல் என்று ரப்பிகளே சொல்வார்கள்.

உங்கள் உரிமை பற்றிக் கேட்டீர்கள். நீங்கள் இருக்கும் ஹைஃபாவின் பெரிய ஆஸ்பத்திரியின் பெயர் ரம்பாம் அல்லவா? அது 12-ஆம் நூற்றாண்டில் எகிப்தில் வாழ்ந்த மைமோனிடிஸ் என்ற ரப்பியின் பெயர். அவர் மருத்துவரும்கூட. ஓய்வுநாளில் உயிர்காக்கும் வேலையைச் சிறுவர்களிடமோ யூதர் அல்லாதவர்களிடமோ தள்ளாமல், இஸ்ரவேலின் பெரியவர்களே முன்வந்து செய்யவேண்டும் என்று அவர் எழுதினார். இந்தச் சட்டங்கள் உலகத்தைப் பழிவாங்க வந்தவை அல்ல, இரக்கமும் அன்பும் சமாதானமும் கொண்டுவர வந்தவை என்றும் அதே இடத்தில் சொல்கிறார். எனவே மகனை முதல்நாள் மாலையே வந்து தங்கச் சொல்லுங்கள். முதல் கிண்ணத்தை அவர் கையால் கொடுக்கட்டும். இரவில் மகன் தூங்கும்போது ஏதாவது நேர்ந்தால் நீங்கள் தயங்காமல் கொடுங்கள், அந்த நேரத்தில் யார் கை என்று எந்தச் சட்டமும் கேட்காது.

சவ்தா அழுவது எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. வாழ்நாள் முழுக்கச் சேர்த்துவைத்த ஒன்று கைநழுவிப் போகிறது என்ற அழுகை அது. அவரிடம் இரண்டு விஷயம் நினைவுபடுத்தச் சொல்லி மகனிடம் சொல்லுங்கள். யோம் கிப்பூர் காலையில் ஜெப ஆலயத்தில் வாசிப்பது ஏசாயா 58. எனக்குப் பிரியமான நோன்பு எது, பசித்தவனுக்கு உன் அப்பத்தைப் பகிர்வதல்லவா என்று தேவன் கேட்கும் அதிகாரம் அது. அவர் சார்பில் அன்று ஏதாவது தர்மம் எடுத்துவைக்கலாம். மற்றது, அந்த நாளில் சாப்பிட நேர்ந்த நோயாளி உணவுக்குப் பின் சொல்லும் ஜெபத்தில், பண்டிகை நாட்களுக்குரிய "யஅலே வெயாவோ" என்ற பகுதியைச் சேர்த்துச் சொல்லவேண்டும் என்று அவர்கள் சட்டநூலில் இருக்கிறது. அதாவது, அன்று சாப்பிடுகிறவரையும் அந்தப் புனித நாளுக்கு உள்ளேதான் வைத்திருக்கிறார்கள். சிறிது சிறிதாகச் சாப்பிடுவதால் அந்த ஜெபத்துக்கு வேண்டிய அளவு சேராவிட்டால் எந்த ஜெபம் என்பதை ரப்பியிடமே கேட்டுக்கொள்ளட்டும்.

நோன்பு யூதர்களுக்கு மட்டுமே கடமை. நீங்கள் வேளைக்குச் சாப்பிடுங்கள், அடுக்களையில் வாசனை எழாத எளிய சாப்பாடாக இருக்கட்டும். இரவெல்லாம் கண்விழிக்கும் நீங்களும் பட்டினி கிடந்தால் 54-ஐ யார் பார்ப்பது? மறுநாள் இரவு நோன்பு முடிந்ததும் இனிப்புக் கேக்கும் ஜூஸும் மேஜைக்கு வரும். முதலில் சர்க்கரையைப் பார்த்துவிட்டு, சூப்பும் ரொட்டியும் கொடுத்து, அதன்பிறகு டாக்டர் சீட்டில் உள்ளபடி இன்சுலின் போடுங்கள். இரவு இரண்டு மணிக்கு இன்னொருமுறை விரலில் குத்திப் பார்த்துவிட்டுப் படுங்கள்.