மல்லி: தழையா, தனியாவா, பூவா?

கே: காய்கறிக் கடையில் மல்லி என்றால் ஒன்று, மளிகைக் கடையில் ஒன்று, பூக்காரம்மாவிடம் வேறொன்று. சமையல் குறிப்பில் ‘மல்லி 2 ஸ்பூன்’ என்று மட்டும் இருந்தால் எதை எடுப்பது? (மயிலாப்பூர் வாசகி)

ப: தனியாவை, அதாவது கொத்தமல்லி விதையை எடுங்கள். தழையை யாரும் ஸ்பூனில் அளப்பதில்லை. கைப்பிடி, கட்டு என்றுதான் சொல்வோம். வறுக்கவோ பொடிக்கவோ சொன்னாலும் தனியாதான். பூ மல்லிக்கும் இதற்கும் பெயர்தான் ஒற்றுமை. கொத்தமல்லி, சீரகம், சோம்பு, கேரட் எல்லாம் ஒரே குடும்பம்.

கே: தழை தீர்ந்த நாளில் ரசத்துக்குத் தனியாத்தூளைக் கூட்டிப் போடலாமா? (தாம்பரம்)

ப: வேண்டாம், ரசம் கெட்டியாகி மட்டுப்படும். ஒரே செடிதான், மணம் இரண்டு. தனியாவின் மணத்துக்கு முக்கியக் காரணம் லினலூல் என்ற வாசனைப் பொருள். தழையின் மணம் ஆல்டிஹைடுகள் என்ற வேறு வகை வாசனைப் பொருள்களால் வருவது. தழை மணம் கொதியில் பறந்துவிடும். அதனால்தான் ரசம் நுரைகட்டியதும் இறக்கி, தழையைத் தூவி, உடனே மூடுகிறோம். தனியாவுக்கு நேர்மாறு: மிதமான தீயில் வறுத்தால்தான் வாய் திறக்கும். அரைத்துவிட்ட சாம்பாரின் உயிரே அந்த வறுப்பு. பாக்கெட் தூள் மாதக்கணக்கில் கிடந்தால் மணம் போய்விடும்; முழுத் தனியா வாங்கி, அவ்வப்போது கொஞ்சமாகப் பொடியுங்கள். தழை இல்லையா? கறிவேப்பிலையோடு நிறுத்திக்கொள்ளுங்கள், ரசம் நன்றாகவே இருக்கும்.

தண்டைக் குப்பையில் போடுகிறவர்களைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை. இளந்தண்டிலும் நல்ல மணம் உண்டு. துவையலுக்கு அதையும் சேர்த்தே அரையுங்கள்.

கே: என் கணவருக்கு மல்லித்தழை சோப்பு மாதிரி இருக்கிறதாம். வீம்பா? (அண்ணா நகர்)

ப: வீம்பில்லை, பாவம். சிலருக்கு வாசனை உணரும் ஒரு மரபணுவின் மாறுபாட்டால் அந்த ஆல்டிஹைடுகள் அப்படித் தோன்றுகின்றன. தூவாமல், துவையலாக அரைத்துக் கொடுத்துப் பாருங்கள். நசுங்கினால் அந்த வாசம் தணியும். அப்போதும் பிடிக்கவில்லை என்றால் வற்புறுத்தாதீர்கள்.

கே: அமெரிக்காவிலிருந்து மகள் அனுப்பிய குறிப்பில் ‘சிலாந்த்ரோ’ என்றிருக்கிறது? (அடையாறு)

ப: நம் கொத்தமல்லித் தழைதான். அங்கே ‘கோரியாண்டர்’ என்றால் தனியா.

கே: மொட்டைமாடித் தொட்டியில் தனியா போட்டேன், முளைக்கவேயில்லை. (வேளச்சேரி)

ப: ஒவ்வொரு தனியா மணிக்குள்ளும் இரண்டு விதை இருக்கும். உள்ளங்கையால் லேசாகத் தேய்த்து இரண்டாக உடைத்து, இரவு ஊறவைத்து, அரை அங்குல ஆழத்தில் தொட்டியிலேயே நேரடியாக விதையுங்கள். ஆணிவேர் என்பதால் பிடுங்கி நட்டால் வாடும். முளைக்க ஒன்றிரண்டு வாரம் ஆகும். சென்னையில் மழை ஓய்ந்த மார்கழி, தைதான் தோது. சித்திரையில் போட்டால் தழைக்கும் முன்பே பூத்துவிடும்.